புளிக்காத தயிர்சாதம்

சாப்பாடு நன்றாக இருந்தால் கேட்டரிங்காரர் நம்பரை வாங்கிக்கொள்வார்கள், கெட்டுப்போனால்தான் சமையல்காரன் யார் என்று தேடுவார்கள். எங்கள் தொழிலின் லட்சணம் அது. அடுப்பு முன்னால் நின்றே முழங்கால் தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு கோவிந்தராஜன் இருந்திருப்பார்.

எனக்கு அநியாயம் செய்தவர்களில் முதல் ஆள், நியூ ஜெர்சியில் பார்சிப்பனி என்கிற ஊரில் இருக்கிற கோவிந்தராஜன். மற்றவர்களும் உண்டு, அவர்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். திண்டுக்கல்லில் ஓட்டல் அடுப்பில் ஆரம்பித்து, நியூ ஜெர்சி வந்து, கோவிந்தராஜனின் கேட்டரிங் சமையலறையில் பதினோரு வருடம் நின்றேன். இப்போது பெண்கள் குழு ஒன்றுக்கு மத்தியதரைக் கடல் தீவில் சமைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோவிந்தராஜனைச் சொல்லாமல் அந்தத் தீவுக்குப் போக வழி இல்லை.

வளைகாப்பு மண்டபம்

ஆறு வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம், பார்சிப்பனியில் ஒரு வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் என் கை. தயிர்சாதம் மட்டும் பாக்கி. "நீ போய் வடையை வேன்ல ஏத்து, இதை நான் பாத்துக்கறேன்" என்றார் கோவிந்தராஜன். வெளியே எடுத்துப் போகிற தயிர்சாதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. சாதத்தைக் குழைய வடித்து, ஆற விட்டு, பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்க்க வேண்டும். போகிற வழியில் அதுவே உறைந்துகொள்ளும். சாப்பிடும் நேரத்துக்குப் புதுத் தயிர் மாதிரி இருக்கும். அவர் அவசரத்தில் கொதிக்கிற சாதத்தில் தயிரை டப்பா டப்பாவாகக் கவிழ்த்து, அலுமினிய ட்ரேயில் அழுத்தி மூடி, வேனில் வைத்துவிட்டார். நான் திரும்பி வரும்போது மூடி போட்டாகிவிட்டது, மேடையில் கிடந்த காலித் தயிர் டப்பாக்களும் சூடு ஆறாத ட்ரேயும்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது.

மண்டபத்தில் மூடியைத் திறந்ததுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. கர்ப்பிணிப் பெண்ணின் அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒரு வாய் வைத்தவர் முகம் சுருங்கி, "யார் கலந்தது இது?" என்று கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோவிந்தராஜனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஜெயந்தி, வளையல் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். சமையலறையில் நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் அவரைப் பார்த்தேன், அவர் வளையலைப் பார்த்தார். கோவிந்தராஜன் என்னை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னார்:

"இவன்தாங்க. ஆறாங்கிளாஸ் படிச்சவன் கையில பொறுப்பைக் கொடுத்தா இப்படித்தான்."

எனக்கு வர வேண்டியது

அன்றைக்கே கரண்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பார்சிப்பனியிலிருந்து ஒரு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை. 'தயிர்சாதம் முருகேசன்' என்று ஒரு பெயர் வேறு சுற்றியது. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்தபடியே நாலு பேச்சிலர் பையன்களுக்கு டப்பா கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பள பாக்கியெல்லாம் ஒன்றும் கிடையாது, அதை அவர் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். எனக்கு வர வேண்டியது ஒரு வார்த்தை. 'நான்தான் கலந்தேன், முருகேசன் இல்லை' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். தனியாக வந்து காதில் சொல்வது செல்லாது. ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

ஒரு தடவை பொதுவான நண்பர் ஒருவர் சமாதானம் பேச வந்தார். வெற்றிலை பாக்கெல்லாம் வாங்கி வந்திருந்தார், பாவம். நான் என் நிபந்தனையைச் சொன்னேன். அவர் போய்க் கேட்டுவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"அவரு உங்களை மன்னிச்சுட்டாராம்."

என்னை வேலைக்கு எடுத்த விதம்

மாலதி என்று ஒரு அம்மா. மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையை விட்டுவிட்டு, பெண்களை மட்டும் எட்டு எட்டுப் பேராக வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிறவர். அதற்கு ரிட்ரீட் என்று பெயர். ஒரு வீட்டை எடுத்துத் தங்குவது, காலையில் யோகா, ஒரு மணி நேரம் மௌனம், கடல், நடை, தூக்கம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. யாரோ என் டப்பாவைச் சாப்பிட்டுவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கிரீட் தீவு, பத்து நாள், மூன்று வேளையும் நம் சாப்பாடு, வருவீர்களா என்று கேட்டார். அடுப்பு எத்தனை, சமையலறையில் ஜன்னல் உண்டா என்று நான் கேட்டேன். தாளிக்கிறவன் முதலில் ஜன்னலைத்தான் கேட்க வேண்டும்.

"லேடீஸ் மட்டும் போற இடத்துக்கு என்னை ஏம்மா கூப்பிடறீங்க? ஒரு அம்மாவைக் கூட்டிப் போகலாமே" என்றேன். போன வருடம் அப்படித்தான் செய்தாராம். சமையல் அம்மா தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று முதல் நாள் ஒருத்தி காய் நறுக்கப் போனாளாம். மூன்றாம் நாள் எட்டுப் பேரும் சமையலறையில். காசைக் கட்டி, கடலைத் தாண்டிப் போய், பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மாலதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு ஆம்பளை சமைச்சுப் பரிமாறணும், இவங்க உக்காந்து சாப்பிடணும். அதாண்ணா ப்ரோக்ராமே."

பட்டியலில் எட்டாவது பெயர்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் மாலதி பட்டியல் அனுப்பினார். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பூண்டு ஆகாது என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் பூண்டைத் தேடிக்கொண்டே கீழே போனேன். எட்டாவது பெயர், ஜெயந்தி கோவிந்தராஜன், பார்சிப்பனி. காரம் கம்மி.

பட்டியலை மூடி வைத்துவிட்டு, நான் போகப் போவதில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். பத்து நாள் அந்த அம்மாவுக்கு என் கையால் பரிமாறுவதா? அன்று வளையலைப் பார்த்த கண்ணுக்கு நான் இலை போடுவதா? அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலேயே சொன்னாள்:

"போங்க. பத்து நாள் அந்தம்மாவுக்குச் சோறு போடுங்க. முப்பது வேளை. வீட்டுக்குத் திரும்பினப்புறம் அவங்க வீட்டுக்காரர் வைக்கிற சாம்பார் வாயில இறங்குதான்னு பாப்போம்."

ஏர்போர்ட்டில் நின்றுபோன தயிர்

நியூவர்க் ஏர்போர்ட்டில் என் கைப்பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு, அதில் என் வீட்டுத் தயிர். உறை ஊற்றக் கொண்டு போனது. கொஞ்சமாகக் கொண்டு போயிருந்தால் விட்டிருப்பார்களாம். நான் எதையும் கொஞ்சமாகக் கொண்டு போய்ப் பழக்கமில்லாதவன். தண்ணீராக இருப்பதை இவ்வளவு கொண்டு போகக் கூடாது என்றார் அந்த அதிகாரி. அது தண்ணீர் இல்லை, நன்றாக உறைந்த தயிர் என்று காட்டுவதற்காக நான் தூக்கை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். இருந்தாலும் விடவில்லை.

எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தியும்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் கல்பனா என்று ஒருவர், இதய டாக்டர், எடிசன் என்கிற ஊரில் இருக்கிறவர், என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்:

"அண்ணா, கவலைப்படாதீங்க, நாம போறதே கிரீஸுக்கு. அங்க தண்ணிக்குப் பதிலா தயிர்தான் குடிப்பாங்க."

மிளகாய்க் காம்பு

டாக்டர் சொன்னது உண்மைதான். அந்த ஊர்த் தயிர் கரண்டியை நட்டால் நிற்கும். நல்ல பொருள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் செம்மறியாட்டுப் பால். சாதத்தில் பிசைந்தால் ஒரு வாடை மேலே நிற்கிறது. நம் பெண்கள் சொல்லாமல் ஒதுக்கினார்கள். சொல்லாமல் ஒதுக்குவதை இலையைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொள்வோம். அதோடு, என் பெயர் போனது தயிரில். அதை ஊரான் வீட்டு உறையை வைத்தா மீட்பது?

கிராமத்தில் பசும்பால் கிடைத்தது. காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றி, நான் கொண்டு போயிருந்த காய்ந்த மிளகாயிலிருந்து இருபது காம்பைத் தொப்பியோடு கிள்ளிப் பாலில் போட்டு, துணி சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைத்தேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி எலேனி என்கிற கிழவி. எனக்கு இருக்கிற இங்கிலீஷைவிட அவளுக்குக் கொஞ்சம் கம்மி, அதனால் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை. பாலில் மிளகாய்க் காம்பு மிதப்பதைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றிப் பொட்டைத் தட்டி, எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஜாடை காட்டினாள். மறுநாள் உறைந்தது கொழகொழவென்று இருந்தது, அது அப்படித்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினேன். மூன்றாம் நாள் காலை, கெட்டியாக, கத்தி போட்டால் துண்டு விழுகிற மாதிரி தயிர். எலேனி விரலால் தொட்டு வாயில் வைத்தாள். காம்பு ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"பிராவோ!"

மௌன நேரத்து வெங்காயம்

காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை மௌன நேரம். யாரும் பேசக் கூடாது, எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். சமையலறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது பத்து நாளும் இருக்கிற விதி. இந்த இரண்டு விதியையும் காவல் காக்கிற பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வாசற்படியில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்தேன்.

இரண்டாம் நாளே டாக்டர் கல்பனா நாற்காலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்ன வேண்டும் என்று ஜாடையில் கேட்டேன். வெங்காயக் கூடையைக் காட்டினார். முடியாது என்று தலையாட்டினேன். கையை விரித்து, பிறகு இரண்டு விரலைக் காட்டினார். நான் மறுபடி தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் ஓடுவார்கள் என்று கேள்வி. அப்படிப்பட்டவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மௌனத்தைக் கலைத்து, ரகசியமாகக் கெஞ்சினார்:

"சும்மா உக்கார முடியலண்ணா. ரெண்டே ரெண்டு வெங்காயம் உரிச்சுட்டுப் போயிடறேன், மாலதிகிட்ட சொல்லாதீங்க."

முழு அப்பளம்

எட்டுப் பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறுவது என்று முதல் நாளே முடிவு செய்தேன். வாழை இலை கிடைக்காது, தட்டுதான். ஆனாலும் பந்தி பந்திதான். கல்யாண வீட்டில் தொள்ளாயிரம் பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், இந்த எட்டுப் பேரைப் போலச் சிரமப்படுத்தினவர்கள் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார்கள். பக்கத்துத் தட்டில் ரசம் வந்ததா என்று எட்டிப் பார்க்கிறார்கள். நான் போட வந்தால், "முதல்ல அவங்களுக்குப் போடுங்க" என்கிறார்கள். அந்த அவங்களுக்குப் போனால் அவர் இன்னொரு அவங்களைக் காட்டுகிறார். கடைசியில் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த வாளி காலியாகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று சத்தம் போட வேண்டியதாயிற்று. நாலு நாளில் பழகிவிட்டார்கள். ஐந்தாம் நாள், "இன்னும் வரலையே அந்தப் பொரியல்" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு வேலை செய்கிற மாதிரி இருந்தது.

ஹூஸ்டனிலிருந்து ராதா என்று ஒருவர் வந்திருந்தார். ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல கலகலப்பு, எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். அப்பளக் கூடையோடு நான் வந்தபோது அவர் கையை உள்ளே விட்டு, அடியில் துழாவி, உடைந்த துண்டு இரண்டை எடுத்துக்கொண்டார். அதை அவர் தட்டிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டேன். நன்றாகப் பொரிந்து உப்பியிருந்த ஒன்றைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவ்வளவு பேசுகிறவர் அந்த அப்பளத்தை உடைக்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கா அண்ணா? முழுசா?"

தாளிப்பும் அலாரமும்

ஜன்னல் உண்டு என்று சொன்னார்கள், திறக்காது என்று சொல்லவில்லை. ஆறாம் நாள் வத்தக்குழம்புக்குத் தாளித்தபோது கூரையில் இருந்த புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. யோகாவில் தலைகீழாக நின்றவர்கள் எல்லாம் தோட்டத்துக்கு ஓடினார்கள். எலேனி துடைப்பத்தோடு வந்து அலாரத்தை நாலு போடு போட்டாள், அது அடங்கியது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் நின்ற பெண்கள் ஒருவரும் கோபப்படவில்லை. இருமிக்கொண்டே சிரித்தார்கள். ராதா அங்கிருந்து கத்தினார்:

"ஒண்ணுமில்லண்ணா, ஒரு நிமிஷம் எங்க வீட்டுலயே இருக்கற மாதிரி இருந்துச்சு!"

வேலியோரக் கீரை

இவ்வளவு நாளும் ஜெயந்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் பரிமாறுவதில் ஒரு குறை வைக்கவில்லை, அவர் தட்டுக்குக் காரம் குறைத்துத் தனியாக எடுத்து வைத்தேன். கோபம் வேறு, கரண்டி வேறு. அவருக்குத் தயிர் போடும்போது மட்டும் என் கை கொஞ்சம் நிதானமாகும். தயிரை நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான்.

ஏழாம் நாள் காலை காய்கறி வாங்கச் சந்தைக்குக் கிளம்பினேன். மாலதி, யாராவது நடக்கிறவர்கள் கூடப் போகலாம் என்றதில் ஜெயந்தியும் வந்துவிட்டார். ஒரு கிழவர் கட்டுக் கட்டாகக் கீரை வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்கள் வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுச் சாப்பிடுகிற கீரை. நான் ஒரு தண்டை எடுத்து நகத்தால் கிள்ளினேன், முகர்ந்தேன். அசல் முளைக்கீரை. எட்டுக் கட்டு வாங்கினேன். மத்தியானம் பூண்டு தட்டிப் போட்டு, மத்தால் கடைந்து மசியல். ஜெயந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மூன்றாம் தடவை நான் கேட்காமலேயே போட்டேன். அப்போது தலையைத் தூக்கி, ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அது மன்னிப்பு இல்லை. ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன்.

"நீங்க போனப்புறம் எங்க கிச்சன்ல யாரும் கீரை கடையறதே இல்லண்ணே. மிக்ஸிதான்."

படகில் திறந்த தூக்கு

எட்டாம் நாள் படகுப் பயணம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, ஒரு குட்டித் தீவின் கடற்கரைக்குப் போய், மத்தியானம் திரும்புவதாக ஏற்பாடு. திரும்புகிற வழியில் இன்னொரு கரையில் இறங்கிச் சாப்பிடக் கையோடு சாப்பாடு வேண்டும். என்ன செய்யலாம் என்று மாலதி கேட்டார். தயிர்சாதம் என்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்சிப்பனிப் பேச்சு அவர்களையும் எட்டியிருந்தது போல. டாக்டர் கல்பனாதான் வாயைத் திறந்தார். "அண்ணா, இந்த வெயில்ல ஆறு மணி நேரம்... சாண்ட்விச் மாதிரி ஏதாவது பண்ணிடலாமே?" நான் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன். சாதம் வடித்து, ஆற வைத்து, பால் ஊற்றி, என் மிளகாய்க் காம்புத் தயிரில் ஒரே ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தேன். காம்பு போன மிளகாய்களைக் கடுகோடு தாளித்துக் கொட்டினேன். தூக்கை மூடித் துணியில் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டு படகில் ஏறினேன். வழியெல்லாம் கடலை யார் பார்த்தது? நான் தூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் புளித்துவிட்டால் 'தயிர்சாதம் முருகேசன்' என்கிற பெயர் எனக்குக் கடைசி வரைக்கும் நின்றுவிடும்.

திரும்பும்போது காற்று எதிர்த்து அடித்ததால் படகுக்காரர் ஒரு மறைவில் ஒதுக்கி நிறுத்திவிட்டார். மணி மூன்று தாண்டிவிட்டது, வெயில் மண்டையைப் பிளந்தது. இனி காத்திருப்பதில் பிரயோசனமில்லை என்று தூக்கைத் திறந்தேன். முதல் தட்டை நான் ஜெயந்தியிடம்தான் கொடுத்தேன். வேண்டுமென்றுதான். ஒரு வாய் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மென்று விழுங்கினார். இரண்டாவது வாய் எடுத்தவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "புளிக்குதாம்மா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இல்லண்ணே. இது புளிக்கல. அன்னிக்குப் புளிச்சதே, அதை நீங்க கலக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரர் கலந்தாரு. ஃப்ரிட்ஜ்லேருந்து தயிர் டப்பாவை எடுத்து நீட்டினதே நான்தான். அவர் உங்களைக் காட்டினப்போ நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

நான் கரண்டியைத் தூக்கிலேயே வைத்தேன். "அம்மா, உங்க பங்கு இதோட முடிஞ்சுது" என்று சொன்னேன். உண்மையாகவே முடிந்துவிட்டது. அவர் மேல் எனக்கு இப்போது ஒன்றும் கிடையாது. பாக்கி இருப்பது ஒருவர்தான். அவர் பார்சிப்பனியில் மிக்ஸியில் கீரை அரைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கல்பனா காலித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணா. வயித்துக்கு ஏதாவது ஆனா நானே பாத்துக்கறேன்."

நியூவர்க்கில் ஒரு வார்த்தை

திரும்பி வந்து இறங்கியபோது எல்லார் வீட்டு ஆண்களும் வெளியே நின்றிருந்தார்கள். கோவிந்தராஜனும். தலை நன்றாக நரைத்துவிட்டது, அதைப் பார்த்து எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. எட்டுப் பெண்கள், மாலதி, வீட்டுக்காரர்கள், பிள்ளைகள், எல்லாரும் ஒரே இடத்தில். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வளைகாப்பு மண்டபம் அளவுக்கு இல்லை, ஆனால் செல்லுபடியாகிற கூட்டம்தான். ராதா ஹூஸ்டன் விமானத்துக்கு நேரமாகிறது என்றவர், விஷயம் தெரிந்ததால் போகாமல் நின்றார்.

ஜெயந்தி பெட்டியைக் கொடுக்கவில்லை. கணவர் கையை நீட்டியபோது பெட்டியைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார். "ஃபோன்ல சொன்னேன் இல்ல? முருகேசண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் பெட்டியைத் தூக்குங்க" என்றார். கோவிந்தராஜன் என்னைப் பார்த்தார். நான் நேராக நின்றேன். ஆறு வருடமாக நான் இப்படி ஒரு நிமிடத்துக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மேலே விமான நேரம் காட்டுகிற பலகையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அது என்னன்னா முருகேசா... அன்னிக்கு ஜூலை மாச வெயிலு. வெயிலுக்கு யார் என்ன பண்ண முடியும், சொல்லு?"

ஜெயந்தியம்மா கணவர் காரில் ஏறாமல் என்னோடும் மாலதியோடும் வேனில் ஏறிக்கொண்டார், அடுத்த ரிட்ரீட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவது என்று வழியிலேயே முடிவாகிவிட்டது, ஆகவே ஜூலை மாத வெயில் பிளெய்ன்ஸ்பரோ வந்து நேரில் மன்னிப்புக் கேட்டால் உட்கார வைத்துத் தயிர்சாதம் போடுகிறேன், கோவிந்தராஜன் மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.